கறிவேப்பிலைச் சாற்றில் காணாமற்போன கார்பன்டசிம்: மாதிரித் தூய்மைப்படுத்தல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையின் மேற்குப் பகுதியில் இயங்கும் ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக் கூடத்தில், கறிவேப்பிலை மாதிரிகளின் பூச்சிக்கொல்லி எச்சத்தை அளப்பதில் நேர்ந்த பிழையைப் பற்றியது இந்த ஆய்வு. ஏற்றுமதியாளர் ஒருவர் அனுப்பிய சரக்கில், கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி அளவிடக்கூடிய வரம்புக்குக் கீழே இருப்பதாகக் கூடம் அறிக்கை கொடுத்திருந்தது. அதே சரக்கிலிருந்து எடுத்த இன்னொரு மாதிரியைச் சோதித்த வேறொரு கூடமோ, வாங்குபவர் ஏற்கும் வரம்பைத் தாண்டி அது இருப்பதாகத் தெரிவித்தது. கருவியில் பழுதில்லை, திட்டக்கரைசல்கள் (ஒப்பிட்டு அளக்க உதவும், செறிவு தெரிந்த கரைசல்கள்) காலாவதியாகவில்லை, வேலை பார்த்தவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. இலைச் சாறு கருவிக்குள் போவதற்கு முன்பு அதைத் தூய்மைப்படுத்திய கட்டத்திலேயே, தேட வேண்டிய பொருளும் அழுக்கோடு சேர்ந்து வெளியேறியிருந்தது. மறுஆய்வுக்கு வெளியிலிருந்து அழைக்கப்பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கூடத்தின் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் இங்கே தேவையில்லை.

பின்னணி

கறிவேப்பிலை பரிசோதனைக் கூடங்களுக்கு எப்போதுமே தலைவலி கொடுக்கும் சரக்கு. கோயம்பேட்டுக்கு வந்து சேரும் கட்டுகளில் பெரும்பகுதி உள்ளூர்ச் சமையலறைகளுக்குப் போனாலும், ஒரு பங்கு விமானச் சரக்காக வெளிநாடுகளில் உள்ள தமிழர் கடைகளுக்கும் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலையைக் கூடுதல் கண்காணிப்புக்கு உரிய பொருள்களின் பட்டியலில் வைத்திருந்த காலத்திலிருந்தே, கிளம்பும் முன் இங்கேயே சோதித்துவிடுவது ஏற்றுமதியாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. தனி வரம்பு எதுவும் வகுக்கப்படாத பூச்சிக்கொல்லிக்கு அங்கே பொதுவாகப் பொருந்தும் வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது நூறு டன் இலையில் ஒரு கிராம். கறிவேப்பிலையில் வரும் இலைப்புள்ளி நோய்க்குக் கார்பன்டசிம் தெளிக்கும்படி பயிர்க் கையேடுகள் பரிந்துரைத்து வந்திருப்பதால், அது மாதிரியில் இருக்கக்கூடும் என்று எதிர்பார்த்தே சோதிக்க வேண்டும். இல்லை என்று வந்தால் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.

கூடம் பின்பற்றியது கெச்சர்ஸ் என்று உலகெங்கும் வழங்கும் முறை. அனஸ்டாசியாடஸ், லெஹோட்டே ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட இந்த முறைக்குப் பிறகு, எச்சப் பரிசோதனையில் லிட்டர் கணக்கில் கரைப்பான் செலவழிக்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அரைத்த மாதிரி பத்து கிராம், அசிட்டோநைட்ரைல் பத்து மில்லிலிட்டர். ஒரு நிமிடம் குலுக்கி, நீரற்ற மக்னீசியம் சல்பேட்டும் சோடியம் குளோரைடும் சேர்த்தால், நீரில் கலந்து கிடந்த அசிட்டோநைட்ரைல் தனி அடுக்காகப் பிரிந்து மேலே வரும். பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவை அந்த மேலடுக்கில் இருக்கும். ஐரோப்பியத் தரமான இ.என். 15662 இந்த உப்புகளோடு சிட்ரேட் உப்புகளையும் சேர்த்து அமிலத்தன்மையை நிலைப்படுத்துகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த ஏ.ஓ.ஏ.சி. 2007.01 என்ற வடிவம் அதற்குப் பதிலாக அசிட்டிக் அமிலத்தையும் சோடியம் அசிட்டேட்டையும் பயன்படுத்துகிறது. இரண்டும் நல்ல முறைகள்தாம். இரண்டையும் பாதிப்பாதியாகக் கலக்கும்போதுதான் வம்பு வருகிறது, இந்தக் கூடத்தில் நடந்ததும் அதுவே.

மேலடுக்கில் பூச்சிக்கொல்லி மட்டும் வருவதில்லை. இலையின் பச்சையம், மெழுகு, கொழுப்பு அமிலங்கள், மணம் தரும் எண்ணெய், இவற்றோடு கறிவேப்பிலைக்கே உரிய கார்பசோல் ஆல்கலாய்டுகள் என்ற நைட்ரஜன் கொண்ட சேர்மங்களும் சேர்ந்து வருகின்றன. இவற்றைக் குறைப்பதற்காகச் சாற்றில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து, பொடி வடிவிலான உறிஞ்சிகளோடு குலுக்கி, மையவிலக்கில் சுற்றி, தெளிவை மட்டும் எடுப்பார்கள். பி.எஸ்.ஏ. என்ற அமீன் பூசிய சிலிக்கா கொழுப்பு அமிலங்களையும் சர்க்கரைகளையும் பிடித்துக்கொள்ளும், சி-18 எண்ணெய்ப் பசையுள்ளவற்றைப் பிடிக்கும், ஜி.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கிராஃபைட் கார்பன் தூள் பச்சையத்தைப் பிடிக்கும்.

மாற்றம் எப்படி வந்தது

கூடத்தின் பதிவேட்டைப் புரட்டியபோது கதை தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. தொடக்கத்தில் கார்பன் சேர்க்காமல், பி.எஸ்.ஏ.வும் மக்னீசியம் சல்பேட்டும் மட்டும் உள்ள குழாய்களையே பயன்படுத்தியிருக்கிறார்கள். கறிவேப்பிலை மாதிரிகள் கூடக்கூட, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அளக்கும் நிறை நிறமாலைமானியின் முகப்புத் தகட்டில் பச்சை கலந்த பழுப்புப் படலம் படியத் தொடங்கியது. வாரத்துக்கு ஒருமுறை துடைத்த தகட்டை நாள்தோறும் துடைக்க வேண்டியதாயிற்று. சாற்றின் பொருள்களைப் பிரிக்கும் குழாயான நிரலின் அழுத்தமும் ஏறியது. கருவி நின்றால் கூடமே நிற்கும் என்ற நிலையில், சாற்றை இன்னும் சுத்தமாக்க வேண்டும் என்ற முடிவு இயல்பானதுதான்.

அந்தச் சமயத்தில் கையிருப்பில் இருந்த ஆயத்தக் குழாய்களில், மில்லிலிட்டர் சாற்றுக்கு 50 மில்லிகிராம் கார்பன் கொண்ட, ஏ.ஓ.ஏ.சி. முறையை ஒட்டிய வகை கிடைத்திருக்கிறது. அதைப் போட்டுக் குலுக்கிச் சுற்றியவுடன், கரும்பச்சையாக இருந்த சாறு தண்ணீர் போலத் தெளிந்து மேலே நின்றது. அதற்கு முன்பு குறைந்த அளவு கார்பனைக் கொண்டு செய்து பார்த்தபோது, “மேடம், இன்னும் பச்சையா இருக்கு, இன்னும் கொஞ்சம் கார்பன் போடட்டுமா?” என்று இளம் பகுப்பாளர் கேட்டதையும், தலைமைப் பகுப்பாளர் சரி என்றதையும் இருவருமே மறைக்காமல் சொன்னார்கள். யாருடைய கண்ணுக்கும் தெளிந்த சாறுதான் நல்ல சாறாகத் தெரியும். வண்டல் கீழே படிந்து தெளிந்த தண்ணீரைக் குடிக்கத் தயங்காதவர்கள் நாம்.

இதே வேலைக்கு இ.என். 15662 சொல்லும் கார்பன் அளவு எவ்வளவு என்று பார்த்தால், வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது புரியும். இளம்பச்சைச் சாறுகளுக்கு மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம், மிக அடர்ந்த பச்சைக்கு 7.5 மில்லிகிராம். ஆக, கூடம் பயன்படுத்தியது அந்த உயர்ந்த அளவையும் விட ஏறக்குறைய ஏழு மடங்கு. குழாயின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ‘பச்சைக் காய்கறிகளுக்கு’ என்ற பொருள்படும் குறிப்பு இருந்ததால், அளவைத் தனியாக ஒப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தட்டையான மூலக்கூறுகள்

கிராஃபைட் என்பது கார்பன் அணுக்கள் அறுகோணங்களாக இணைந்து விரிந்த தாள்களின் அடுக்கு. அந்தத் தாளின் மேற்பரப்பில், தானும் தட்டையாகவும் வளைய அமைப்புடனும் உள்ள மூலக்கூறுகள் படிந்து ஒட்டிக்கொள்கின்றன. பச்சையத்தின் மையத்தில் மக்னீசியத்தைச் சுற்றி அமைந்த பெரிய வளையம் அப்படித் தட்டையானது. ஆகவே கார்பன் அதைப் பிடிக்கிறது. ஆனால் கார்பனுக்குப் பச்சையம் எது, பூஞ்சைக்கொல்லி எது என்று தெரியாது. கார்பன்டசிம், தையாபெண்டசோல் ஆகிய இரண்டும் பென்சிமிடசோல் வளையத்தைக் கொண்ட தட்டை மூலக்கூறுகள். ஹெக்சாகுளோரோபென்சீனும் குளோரோதலோனிலும் அதே வகை. இவை எல்லாமே கார்பனின் மேல் உட்காரும்.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு, பலரும் தவறவிடுவது அது. கார்பன் தாளின் பரப்பு எல்லையில்லாதது அல்ல. சாற்றில் பச்சையம் நிறைய இருந்து, கார்பன் குறைவாக இருந்தால், பரப்பின் பெரும்பகுதியைப் பச்சையமே அடைத்துக்கொள்ளும். அதைவிடச் சிறிய, பிடிப்புக் குறைந்த கார்பன்டசிம் போன்றவை ஓரளவு தப்பிக்கும். கார்பன் மிகுந்துவிட்டால், பச்சையம் முழுவதும் உட்கார்ந்த பிறகும் காலி இடம் கிடக்கும். அந்த இடத்தில் பூஞ்சைக்கொல்லி போய் உட்காரும். அதனால்தான், கார்பன் போட்டபின் சாற்றில் பச்சையமோ மஞ்சள் நிறமியோ கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்று இந்த முறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. சாறு முற்றிலும் நிறமற்றுப் போனால், இழப்பு நேர்ந்திருக்கலாம் என்பதற்கு அதுவே அறிகுறி. கூடத்தில் எல்லோரும் வெற்றியின் அடையாளமாக எடுத்துக்கொண்ட தெளிவு, உண்மையில் எச்சரிக்கை விளக்கு.

தரக் கட்டுப்பாடு ஏன் குரல் கொடுக்கவில்லை

இழப்பு இவ்வளவு பெரிதாக இருந்தும் தினசரித் தரக் கட்டுப்பாட்டில் அது ஏன் தெரியவில்லை என்பதுதான் என் பார்வையில் இந்த நிகழ்வின் மிக முக்கியமான பகுதி. மூன்று இடங்களில் வாய்ப்பு இருந்தது. மூன்றும் வெவ்வேறு காரணங்களால் மௌனமாக இருந்துவிட்டன.

முதலாவது உள்தரப் பொருள். சாறெடுக்கும் முன்பே ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் ஒரு பொருளைச் சேர்த்து, கடைசியில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். கூடம் இதற்குப் பயன்படுத்தியது குளோரின் ஏறிய ஐசோபுரோபைல் பாஸ்பேட் சேர்மம் ஒன்று, இ.என். 15662 ஏற்றுக்கொள்ளும் பொருள்தான். ஆனால் அதன் மூலக்கூறில் தட்டையான வளையம் ஏதும் இல்லை, ஆகவே கார்பனுக்கு அதன்மேல் அக்கறையும் இல்லை. கார்பன்டசிம் மூழ்கிக்கொண்டிருந்த அதே குழாயில் இந்த உள்தரப் பொருள் ஒவ்வொரு முறையும் நலமாகக் கரையேறி, ‘எல்லாம் சரி’ என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட இடத்துக்கென்றே ஆந்திரசீன் என்ற மூன்று வளையத் தட்டை மூலக்கூறைச் சேர்த்து, அதன் மீட்பு, அதாவது சேர்த்ததில் திரும்பக் கிடைக்கும் பங்கு, 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தட்டைப் பூச்சிக்கொல்லிகளின் இழப்பு ஏற்கத்தக்க எல்லைக்குள் இருக்கிறது என்று முடிவு செய்யும் வழி உண்டு. பொருள்களை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்பில் பார்க்க வேண்டிய பொருள் அது. கரைப்பானில் ஓடவிட்டுப் பிரிக்கும் திரவ நிறப்பகுப்பை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்த இந்தப் பிரிவில் யாரும் அதை வைக்கவில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு தொகுதியிலும் வைக்கப்படும் மீட்புச் சோதனை. பூச்சிக்கொல்லி இல்லாத ஒரு பொருளில் தெரிந்த அளவு பூச்சிக்கொல்லியைச் சேர்த்து முழு முறையையும் ஓட்டினால், 70-இலிருந்து 120 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதலின் அளவுகோல். கூடம் இதைத் தவறாமல் செய்தது, ஆனால் வெள்ளரிக்காயில் செய்தது. நீர்ச்சத்து மிகுந்த விளைபொருள்களுக்கு ஒரு பொருளைப் பிரதிநிதியாக எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டின்படி எழுத்தளவில் அதில் குற்றம் காண முடியாது. வெள்ளரியில் பச்சையம் சொற்பம் என்பதால் அதற்குக் கார்பன் குழாயையும் பயன்படுத்தவில்லை. விளைவாக, கறிவேப்பிலை போன பாதை வேறு, அதற்குச் சான்று சொன்ன வெள்ளரி போன பாதை வேறு.

மூன்றாவது, தெரிந்த செறிவுகளுக்குக் கருவி காட்டும் அளவுகளைக் கொண்டு வரையும் அளவீட்டுக் கோடு. இதைக் கறிவேப்பிலைச் சாற்றிலேயே தயாரித்திருந்தார்கள், பாராட்ட வேண்டிய செயல். ஆனால் சாற்றை முழுமையாகத் தூய்மைப்படுத்திய பிறகே அதில் திட்டக்கரைசலைச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்த பொருள் கார்பனைச் சந்திக்கவே இல்லை. ஆகவே கோடு நேராக வந்தது, ஒட்டுறவுக் கெழு கண்ணைப் பறித்தது, இழப்பைப் பற்றி மட்டும் அது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் வேலை அதனுடையதும் அல்ல.

மூன்று வகைக் கரைசல்கள்

இழப்பு எங்கே நேர்கிறது என்பதைப் பிரித்துக் காண, ஒரே செறிவில் மூன்று வகைக் கரைசல்களைத் தயாரிக்கச் செய்தோம். முதல் வகை, வெறும் கரைப்பானில் திட்டக்கரைசல். இரண்டாவது, பூச்சிக்கொல்லி இல்லாத கறிவேப்பிலையின் சாற்றைத் தூய்மைப்படுத்தி முடித்தபின் அதில் சேர்த்த திட்டக்கரைசல். மூன்றாவது, அதே இலையை அரைத்தவுடனே திட்டக்கரைசலைச் சேர்த்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, முழு முறையையும் கடக்கச் செய்தது. இரண்டாவதை முதலாவதோடு ஒப்பிட்டால், சாற்றில் மிஞ்சிய பிற பொருள்கள் கருவியின் உணர்வை எவ்வளவு அடக்குகின்றன என்பது தெரியும். மூன்றாவதை இரண்டாவதோடு ஒப்பிட்டால், சாறெடுப்பிலும் தூய்மைப்படுத்தலிலும் எவ்வளவு போயிற்று என்பது தெரியும். இந்த இரண்டு குறைகளும் திரையில் ஒரே மாதிரி, சிறுத்த உச்சியாகத்தான் தெரியும். தீர்வு மட்டும் வேறு வேறு.

பூச்சிக்கொல்லி இல்லாத கறிவேப்பிலை கிடைப்பது சென்னையில் நினைப்பதைவிடக் கடினம். ‘இயற்கை விளைச்சல்’ என்று விற்கும் கட்டுகளை அப்படியே நம்ப முடியாது. ஊழியர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்திலிருந்து பறித்து வந்தோம். அதையும் முதலில் சோதித்துப் பார்த்த பிறகே பயன்படுத்தினோம். மருந்தே தெளிக்காத வீட்டு மரமாக இருந்தாலும், சன்னலோரம் நிற்கும் கிளைக்குக் கொசுவிரட்டித் திரவத்தில் உள்ள டிரான்ஸ்ஃப்ளூத்ரின் வந்து சேர இடமுண்டு.

முடிவுகள் பேச்சுக்கு இடமின்றி வந்தன. 50 மில்லிகிராம் கார்பன் போட்ட சாற்றில் கார்பன்டசிம் பாதிகூடத் திரும்பவில்லை. தையாபெண்டசோலின் நிலை அதையும் விட மோசம். 7.5 மில்லிகிராமில் இரண்டும் கணிசமாக மீண்டன. 2.5 மில்லிகிராமிலும், கார்பனே இல்லாத சாற்றிலும் 70-க்கு மேல் வந்துவிட்டன. வளைந்து நெளிந்த அமைப்புடைய புரொஃபெனோஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கார்பன் அளவைப் பற்றிக் கவலைப்படவில்லை. நான்கு நிலைகளிலும் அதன் மீட்பு ஒரே மாதிரி இருந்தது.

ஆனால் அதே புரொஃபெனோஃபாஸ் இரண்டாவது கேள்வியை எழுப்பியது. அது தூய்மைப்படுத்தலில் தொலையவில்லை. ஆனாலும் கறிவேப்பிலைச் சாற்றில் அதன் உச்சி, வெறும் கரைப்பானில் இருப்பதைவிடத் தெளிவாகக் குட்டையாக இருந்தது. முற்றிலும் தெளிந்த சாற்றிலும் அப்படித்தான். பச்சை போயும் அடக்கம் போகவில்லை என்றால், அடக்கியது பச்சையம் அல்ல.

நிறமற்ற குறுக்கீடு

மின்தெளிப்பு அயனியாக்கத்தில், நிரலிலிருந்து வரும் திரவம் நுண்துளிகளாகச் சிதறி, துளிகளின் மேற்பரப்பில் உள்ள மின்னூட்டத்தை எந்த மூலக்கூறு எடுத்துக்கொள்கிறதோ அதுவே கருவிக்குள் போகும். ஒரே நேரத்தில் நிரலிலிருந்து இறங்கும் பொருள்கள் அந்த மின்னூட்டத்துக்குப் போட்டியிடும். பூச்சிக்கொல்லி நானோகிராம் கணக்கில் இருக்க, இலைப் பொருள் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு இருந்தால், யார் வெல்வார் என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் போட்டி எந்த நிமிடத்தில் நடக்கிறது என்று காண எளிய வழி ஒன்று உண்டு. நிரலுக்கும் கருவிக்கும் இடையே மூன்று வாய் இணைப்பு ஒன்றைப் பொருத்தி, ஊசிப் பம்பு வழியாகப் புரொஃபெனோஃபாஸ் கரைசலை இடைவிடாமல் செலுத்த வேண்டும். திரையில் ஒரு மட்டமான கோடு ஓடும். இப்போது பூச்சிக்கொல்லி இல்லாத கறிவேப்பிலைச் சாற்றை நிரலில் ஏற்றினால், எங்கெல்லாம் இலைப் பொருள் இறங்குகிறதோ அங்கெல்லாம் அந்தக் கோடு குழி விழும்.

குழி, நிறப்பகுப்பின் பிற்பாதியில், புரொஃபெனோஃபாஸ் இறங்கும் இடத்தை ஒட்டியே விழுந்தது. பச்சையமோ அதற்கும் வெகு பின்னால், கரைப்பானின் கரிம விகிதம் உச்சத்தில் இருக்கும்போதுதான் நிரலை விட்டு இறங்கும். குழி விழுந்த நேரத்தில் முழு நிறைவரம்பையும் வருடிப் பார்த்தபோது 332 என்ற இடத்தில் ஓர் அயனி ஓங்கி நின்றது. கறிவேப்பிலையின் முக்கிய ஆல்கலாய்டுகளில் ஒன்றான மஹானிம்பின் ஒரு புரோட்டானை ஏற்றுக்கொண்டால் அந்த நிறையில்தான் தெரியும். நிறை எண்ணை மட்டும் வைத்து ஒரு பொருளை அடையாளம் காட்டுவது முறையல்ல என்பதால், அறிக்கையில் ‘கார்பசோல் ஆல்கலாய்டாக இருக்க வாய்ப்புள்ள பொருள்’ என்றே எழுதினேன். எதுவாக இருந்தாலும் அது நிறமற்றது. கண்ணால் பார்த்துச் சுத்தம் என்று சொல்லும் யாருக்கும் அது பிடிபடாது.

ஈரப்பதம் என்ற துணைக் காரணம்

விசாரணையின்போது, முக்கியக் காரணத்தோடு தொடர்பில்லாத இன்னொன்றும் வெளிப்பட்டது. கார்பன் இல்லாமல் செய்த ஓட்டங்களிலும் மீட்பு அங்கங்கே ஏறி இறங்கியது. வடகிழக்குப் பருவமழை பிடித்திருந்த காலம் அது. மக்னீசியம் சல்பேட் புட்டியைக் கவிழ்த்தால், மாவுபோலச் சரிய வேண்டிய உப்பு கட்டிகட்டியாக விழுந்தது. சென்னைக் காற்றில் புட்டியைத் திறந்து வைத்தே எடைபோட்டதால் உப்பு ஏற்கெனவே நீரை ஏற்றுக்கொண்டிருந்தது. மாதிரியின் நீரை உறிஞ்ச அதற்குத் திராணி குறைவு. நல்ல உப்பு என்றால், குழாயில் போட்டுக் குலுக்கும்போதே உள்ளங்கையில் சூடு தெரியும். இந்த உப்பில் வெதுவெதுப்புகூட இல்லை. அடுக்குகள் சரியாகப் பிரியாமல் அசிட்டோநைட்ரைலில் நீர் தங்கினால், நீரில் கரையும் இலைப் பொருள்களும் கூடவே தங்கும். அடுத்து வரும் உறிஞ்சிகளின் வேலையும் கெடும். 500 பாகை செல்சியஸில் மஃபிள் உலையில் ஐந்து மணி நேரம் சுட்டெடுத்து, உலர்கலத்தில் ஆறவைத்த உப்புக்கு மாறியதும் இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிட்டது. அப்படிச் சுடுவதில் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் தாலேட்டுகளும் போய்விடும் என்பது உபரி லாபம்.

இலையின் சொந்த நீரையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. கறிவேப்பிலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே நீர் என்பதால், பத்து கிராம் இலைக்கு மொத்த நீர் பத்து கிராமை எட்டும் அளவுக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும்; வெள்ளரிக்கு எழுதிய செய்முறையில் அந்த வரி இல்லை.

திருத்திய முறை

இழப்பைத் தவிர்க்கப் பரிசீலித்த வழிகளில் ஒன்று டொலுவீன். அசிட்டோநைட்ரைலோடு மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அதைச் சேர்த்தால், அதுவும் தட்டையான வளைய மூலக்கூறு என்பதால், கார்பனில் உட்கார்ந்த பூச்சிக்கொல்லியை எழுப்பி வெளியே அனுப்பிவிடும். வேலை செய்யும் வழிதான். ஆனால் டொலுவீன் கலந்த சாற்றைத் திரவ நிறப்பகுப்பில் நேராக ஏற்ற முடியாது, அதை ஆவியாக்கிக் கரைப்பானை மாற்ற வேண்டும். 110 பாகைக்கு மேல் கொதிக்கும் டொலுவீனை விரட்டும் நேரத்தில் டைகுளோர்வாஸ் போன்ற எளிதில் ஆவியாகும் பூச்சிக்கொல்லிகளும் அதோடு சேர்ந்து கிளம்பிவிடும். ஒன்றைக் காப்பாற்றி இன்னொன்றைத் தொலைப்பதில் அர்த்தமில்லை என்று அதைக் கைவிட்டோம்.

ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. சாறெடுத்தபின் அதை இரண்டு பங்காகப் பிரிப்பது. திரவ நிறப்பகுப்புக்குப் போகும் பங்கில் கார்பன் கிடையாது. 25 மில்லிகிராம் பி.எஸ்.ஏ.வும் 25 மில்லிகிராம் சி-18-உம் 150 மில்லிகிராம் மக்னீசியம் சல்பேட்டும் மட்டும். அதன்பின் சாற்றைப் பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்து ஏற்றுவது. தூய்மைப்படுத்துவதற்குப் பதிலாக நீர்ப்பது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் இலையைக் கொண்ட சாற்றில் 10 நானோகிராம். பத்து மடங்கு நீர்த்தால் ஒரு நானோகிராம். ஐந்து மைக்ரோலிட்டர் ஏற்றினால் கருவிக்குப் போவது ஐந்து பிக்கோகிராம். கூடத்தில் இருந்த கருவிக்கு அது சிரமமில்லாத அளவு. இலைப் பொருளும் பத்தில் ஒன்றாகக் குறைவதால் மின்னூட்டத்துக்கான போட்டி தளர்ந்து, புரொஃபெனோஃபாஸின் உச்சி கரைப்பானில் உள்ள உயரத்துக்கு அருகில் வந்தது. பச்சையம் கருவியை அழுக்காக்குவதைத் தடுக்க, நிறப்பகுப்பின் கடைசி நிமிடங்களில் வரும் திரவத்தைத் திசைமாற்றி வால்வு வழியாகக் கழிவுக்கு அனுப்பும்படி அமைத்தோம். தகட்டைத் துடைக்கும் வேலை பழையபடி வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று.

வாயு நிறப்பகுப்புக்குப் போகும் பங்கில் மட்டும் 2.5 மில்லிகிராம் கார்பன், கூடவே ஆந்திரசீன். சாறு இளம்பச்சையாக மிஞ்ச வேண்டும் என்பதைச் செய்முறையிலேயே எழுதியிருக்கிறோம். நிறமற்று வந்தால் அந்தக் குழாயை ஒதுக்கிவிட வேண்டும். பி.எஸ்.ஏ.வைக் கடந்த சாறு காரத்தன்மைக்குச் சாய்வதால், குளோரோதலோனில் போன்றவை தானியங்கித் தட்டில் காத்திருக்கும்போதே சிதையும். அதற்காக மில்லிலிட்டருக்குப் பத்து மைக்ரோலிட்டர் என்ற கணக்கில் 5 விழுக்காடு ஃபார்மிக் அமிலக் கரைசல் உடனே சேர்க்கப்படுகிறது. தினசரி மீட்புச் சோதனை இனி வெள்ளரியில் அல்ல, கறிவேப்பிலையில். புதினாவுக்கும் முருங்கைக்கீரைக்கும் இதே அளவு பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது; அவற்றின் பச்சைய அளவு வேறு, கூட வரும் பொருள்கள் வேறு, தனித்தனியே மூன்று வகைக் கரைசல் சோதனை செய்தாக வேண்டும்.

முந்தைய அறிக்கைகள்

சரிபார்க்கப்பட்ட ஒரு முறையில் மாற்றம் செய்தால், அந்த மாற்றத்தின் விளைவைக் கண்டறிய வேண்டும் என்பது பரிசோதனைக் கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின் 2017 பதிப்பில் வெளிப்படையாக உள்ள விதி. குழாய் மாறியதைக் கூடம் கொள்முதல் மாற்றமாகவே பார்த்தது, முறை மாற்றமாகப் பார்க்கவில்லை. உறிஞ்சியின் வகையோ அளவோ மாறினால் அது முறை மாற்றம் என்று இப்போது கொள்முதல் படிவத்திலேயே ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. பகுப்பாளரின் கையெழுத்து இல்லாமல் மாற்றுக் குழாயை வாங்க முடியாது.

50 மில்லிகிராம் குழாய் புழங்கிய காலத்தில் வெளியான கறிவேப்பிலை அறிக்கைகள் அனைத்தும் தனியே எடுக்கப்பட்டன. புரொஃபெனோஃபாஸ் உள்ளிட்ட தட்டையற்ற பொருள்களின் அளவு, இலைச் சாற்றிலேயே போட்ட கோட்டைக் கொண்டு கணக்கிடப்பட்டிருந்ததால், அவற்றைத் திருத்த வேண்டியதில்லை. கார்பன்டசிம், தையாபெண்டசோல் ஆகிய இரண்டு வரிகள் மட்டும் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. உறைபெட்டியில் மைனஸ் 20 பாகையில் காப்பு மாதிரி மிஞ்சியிருந்தவற்றைத் திருத்திய முறையில் மறுபடி ஓட்டியதில், தொடக்கத்தில் புகார் வந்த சரக்கு உட்படச் சிலவற்றில் கார்பன்டசிம் தெளிவாகத் தெரிந்தது. அவற்றுக்குத் திருத்திய அறிக்கைகள் போயின. காப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்ட மாதிரிகளுக்கு மறுசோதனை செய்ய வழியில்லை. அந்த வாடிக்கையாளர்களுக்கு, குறிப்பிட்ட இரண்டு பொருள்களைப் பொறுத்தவரை முந்தைய அறிக்கையை நம்ப வேண்டாம் என்று காரணத்தோடு கடிதம் எழுதப்பட்டது.